'நாய்களுக்கு அனுமதி' போர்டு இருந்தா போதுமா? ஒயினரிக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

கையில் ஒயின் கிளாஸ், காலடியில் செல்ல நாய், பின்னால் திராட்சைத் தோட்டம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் வார இறுதிகளில் இது சகஜமான காட்சி. 400-க்கும் மேற்பட்ட ஒயினரிகள் உள்ள நாபா பள்ளத்தாக்கில், பல இடங்கள் நாயோடு வருபவர்களை வரவேற்கின்றன. ஆனால், நாய்க்கு ஆகவே ஆகாத பழங்களில் ஒன்று திராட்சை. அப்புறம் எப்படி அனுமதி கொடுக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

உணவு பரிமாறும் இடத்துக்குள் செல்லப்பிராணி வரக் கூடாது என்பது பொதுவான சுகாதார விதி. 2014-ல் கலிஃபோர்னியா இதில் ஒரு தளர்வு கொண்டுவந்தது. 2015 ஜனவரி முதல், உணவகங்களின் திறந்தவெளிப் பகுதியில் நாயை அனுமதிக்கலாம். வெளிப்புறமாகவே தனி வழி இருக்க வேண்டும். நாய் கயிற்றில் இருக்க வேண்டும். நாற்காலியில் ஏறி உட்காரக் கூடாது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உரிமையாளருக்கு உண்டு.

சில ஒயினரிகளில் உள்ளேயே விடுகிறார்களே?

ஒயினைச் சுவைக்க மட்டுமே ஒதுக்கிய அறையில், பிஸ்கட் போன்ற கிராக்கர்ஸ், பிரெட்ஸல், கெட்டுப்போகாத பாக்கெட் உணவு தவிர வேறு சாப்பாடு தரவில்லை என்றால், மாகாண உணவுச் சட்டம் அதை 'உணவு நிலையம்' என்று கணக்கிடாது. அதனால் அங்கே முடிவு பெரும்பாலும் உரிமையாளர் கையில். கிச்சன் வைத்துச் சமைத்துக் கொடுத்தால் கதை மாறிவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்சி பெற்ற நாய்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

கவனிச்சீங்களா? இந்த விதிகள் எல்லாமே மனிதர்களின் சாப்பாட்டு சுகாதாரத்தைப் பற்றியவை. நாயின் பாதுகாப்பு பற்றி அந்த போர்டு எதுவும் சொல்வதில்லை.

ஆபத்து எங்கே?

திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். காரணம் பல வருடங்கள் புரியாமலே இருந்தது. 2021-ல் அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மைய மருத்துவர்கள், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். திராட்சையின் ரகம், பழுத்த நிலையைப் பொறுத்து இதன் அளவு மாறும். அதனால் 'இத்தனை பழம் வரை ஓகே' என்று கணக்குச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அங்கே அறுவடைக் காலம். கொடிக்கு அடியில் உதிர்ந்த பழம், பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை என எதை வேண்டுமானாலும் நாய் வாயில் போட்டுக்கொள்ளலாம். கயிற்றைக் குட்டையாகப் பிடிப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர் திராட்சைக்கும் இதே ஆபத்து உண்டு. புளியிலும் டார்டாரிக் அமிலம் அதிகம். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2022-ல் வெளியான கால்நடை மருத்துவ ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

நாய் திராட்சையைத் தின்றுவிட்டால் என்ன செய்வது? பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வாந்தி, சோர்வு, சாப்பிட மறுப்பது போன்றவை தெரியலாம். ஆனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியமும் வேண்டாம். எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்ற விவரத்தோடு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதே சரி.