ஹம்போல்ட் நகரத்துப் பிள்ளைகள்

விளையாட்டைப் பற்றி இப்பகுதியில் எழுதுவதாயின் கிரிக்கெட்டைப் பற்றி எழுத வேண்டும் என்பது நம் இல்லத்து இளைஞர்களின் விருப்பம். இத்திங்கள் அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நம்மிற் பெரும்பாலோர் நேரிற் கண்டிராத ஓர் ஆட்டத்தையும், அதனை ஆடும் ஒரு சிற்றூர்க் குழுவின் வரலாற்றையும் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

ஆட்டம், பனித்தளத்து ஹாக்கி. காலணியின் அடியில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு, உறைந்த பனிக்கட்டித் தளத்தின்மேல் பக்கத்துக்கு அறுவராகச் சறுக்கி ஓடி, பந்துக்குப் பதிலாக ஒரு கட்டை ரப்பர் வட்டைக் கோலால் அடித்து வலைக்குட் புகுத்துவது. கனடா நாட்டுப் பாராளுமன்றம் 1994-ஆம் ஆண்டில் இதனைத் தேசியக் குளிர்கால விளையாட்டு என்று சட்டமே இயற்றியிருக்கிறது. அந்நாட்டில் பதினாறு முதல் இருபது வயது வரையுள்ள பிள்ளைகள் ஆடும் குழுக்களை ஜூனியர் குழுக்கள் என்பர். இவற்றிற் பல, பெருநகரங்களில் இல்லாமல், நம் ஊர்ப் பக்கத்துச் சந்தைப்பேட்டை அளவே உள்ள சிறு நகரங்களில் இருக்கின்றன.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்குப் பெரிதும் கருத்தில் தைக்கக் கூடிய ஏற்பாடு ஒன்று இக்குழுக்களில் உண்டு. ஆட வரும் பிள்ளைகளிற் பலர் நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு விடுதி கிடையாது. குழு இருக்கும் ஊரிலுள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையையோ இருவரையோ தம் வீட்டில் வைத்துக்கொண்டு, உணவளித்து, பருவம் முடியும்வரை பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொள்கின்றன. பள்ளிக்கு அனுப்புவதும், இரவு நேரம் கழித்து வந்தால் கேட்பதும் அவ்வீட்டு அம்மையாரின் பொறுப்பு. ஊரிலிருந்து வந்த தம்பியை ஓர் அறை வீட்டில் வைத்து ஆளாக்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர்; அவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஹம்போல்ட் என்பது சஸ்காச்சுவான் மாகாணத்தில், சஸ்கட்டூன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில், கோதுமை வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர். 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டின் பெயர் முதலில் அங்கே 1870-களில் அமைந்த ஒரு தந்தி நிலையத்துக்கு வைக்கப்பட்டது. பிறகு 1903 முதல் ஜெர்மானியக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அப்பக்கத்திற் குடியேறின. அடுத்து இருப்புப்பாதை வந்தது. கனடியன் நார்தர்ன் ரயில்வேக்கு அது ஒரு டிவிஷன் நிலையம். ஆக, அதுவும் பிற இடங்களிலிருந்து வந்தவர்களால் எழுந்த ஊர்தான். ரயில்வேக் காலனிகளில் வாழ்வோர் அதன் சாயலை எளிதில் ஊகிக்கலாம்.

1970-இல் இவ்வூரார் ஒரு ஜூனியர் குழுவைத் தொடங்கினர். ஸ்விஃப்ட் கரண்ட் என்னும் ஊரில் ஏற்கெனவே இருந்த பிராங்கோஸ் குழுவின் கிளையாகத் தொடங்கியதால் இதற்கும் ஹம்போல்ட் பிராங்கோஸ் என்றே பெயர். பிராங்கோ என்றால் பழக்கப்படாத குதிரை. பச்சையும் பொன்னும் குழுவின் நிறங்கள். தனி முதலாளி எவரும் கிடையாது. ஊருக்குப் பொதுவான, இலாப நோக்கமற்ற சங்கமே இதன் உடைமையாளர். ஆடும் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை. நன்றாக ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்பதே நம்பிக்கை. இத்தகைய குழு 2003-இலும் 2008-இலும் தேசிய அளவில் தன் பிரிவின் தலையாய ராயல் பேங்க் கோப்பையை வென்றது. இரு முறையும் இறுதியாட்டத்தில் எதிர்நின்றது கேம்ரோஸ் கோடியாக்ஸ் என்னும் அதே குழுதான். 2008-இல் ஒன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் வெற்றி.

சஸ்காச்சுவானில் ஒரு குழுவின் வாழ்வில் பாதி, ஆடுகளத்தில் அன்று, பஸ்ஸிற் கழிகிறது. ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுந்தூரம். ஆட்டப் பருவமோ பனிக்காலம். மூத்த குழுவாகிய ஸ்விஃப்ட் கரண்ட் பிராங்கோஸின் பஸ் 1986 டிசம்பர் 30-ஆம் நாள் உறைந்த சாலையில் தடம் புரண்டு நான்கு ஆட்டக்காரர்கள் உயிரிழந்தனர். அக்குழு 1989-இல் மெமோரியல் கோப்பையை வென்று தேறியது.

இனிச் சொல்ல வேண்டியது கடினமானது. 2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை. அரையிறுதித் தொடரில் நிப்பவின் ஹாக்ஸ் குழுவோடு ஐந்தாவது ஆட்டம். அதற்காக ஹம்போல்ட் குழுவின் பஸ் 35-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சென்றது. உள்ளே 29 பேர். மாலை ஐந்து மணி அளவில், டிஸ்டேல் என்னும் ஊருக்கு வடக்கே, 335-ஆம் சாலை குறுக்கிடும் சந்திப்பில், தோட்ட மண்ணிற் கலக்கும் பாசிக் கட்டுகளை இரண்டு டிரெய்லர்களில் ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கி வந்த லாரி ஒன்று நிற்காமற் குறுக்கே புகுந்தது. பஸ் அதன்மீது மோதியது. பத்து ஆட்டக்காரர்கள், தலைமைப் பயிற்சியாளர், துணைப் பயிற்சியாளர், உடற்சிகிச்சை பார்த்த இளம்பெண், பஸ் ஓட்டுநர், வானொலி வர்ணனையாளர், கணக்குக் குறித்துவந்த பதினெட்டு வயதுத் தொண்டர் ஆகப் பதினாறு பேர் மாண்டனர். பதின்மூவர் காயமுற்றனர்.

போட்டித் தொடருக்காகப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசியிருந்தனர். அதனால் அடையாளம் தவறி, இறந்தவனென்று சொல்லப்பட்ட ஒருவன் உயிரோடிருப்பதும், பிழைத்தவனென்று நம்பப்பட்ட மற்றொருவன் இறந்துவிட்டதும் ஏப்ரல் 9-ஆம் நாள்தான் தெரியவந்தது. அவ்விரு வீட்டாரின் நிலையை எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

கனடா முழுவதும் மக்கள் தம் வீட்டு வாயிலில் ஹாக்கிக் கோல் ஒன்றைச் சாய்த்து வைத்து விளக்கேற்றினர். எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நன்கொடை வந்து, இரண்டு வாரத்துக்குள் ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டியது. அதனைப் பங்கிடும் பொறுப்பு நீதிமன்றத்தின் முன் சென்று, இறந்தோர் குடும்பம் ஒன்றுக்கு 5,25,000 டாலரும், பிழைத்தோர் ஒவ்வொருவருக்கும் 4,75,000 டாலரும் என முடிவாயிற்று. உயிருக்கு விலை வைப்பது போலிருக்கிறதே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் படுக்கையிலிருந்து எழ முடியாதவனுக்குப் பணம் வேண்டுமன்றோ?

மாண்டவர்களுள் லோகன் பௌலே என்னும் இளைஞர், இருபத்தொரு வயது நிறைந்தவுடன், அதாவது சில வாரங்களுக்கு முன்புதான், உறுப்புத் தானத்துக்குப் பெயர் பதிந்திருந்தார். அவருடைய உறுப்புகள் ஆறு பேருக்குப் பயன்பட்டன. செய்தி பரவியதும் சில வாரங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கனடியர் பெயர் பதிந்துகொண்டனர். ஏப்ரல் 7-ஆம் நாளை அங்கே பச்சைச் சட்டை நாளாக ஆண்டுதோறும் அனுசரிக்கின்றனர்.

லாரியை ஓட்டியவர் நம் இந்திய நாட்டிலிருந்து 2013-இற் குடிபெயர்ந்து சென்ற இளைஞர். மணமாகி இரண்டு திங்கள்கூட ஆகவில்லை. வேலையிற் சேர்ந்து சில வாரங்கள்தாம்; உடன் ஒருவர் இருந்து கற்பித்ததும் இரண்டு வாரங்களே. பின்புறம் தார்ப்பாய் அவிழ்ந்து பறந்துகொண்டிருந்ததைக் கவனித்தபடியே வந்தவர், நான்கு எச்சரிக்கைப் பலகைகளையும், மின்னும் விளக்கோடு கூடிய நிற்கும் பலகையையும் காணாமற் கடந்துவிட்டார். 2019 ஜனவரியில், வழக்காடாமல் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டார். மார்ச் 22-ஆம் நாள் எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளையை இழந்த குடும்பங்களுட் சில அவரை மன்னித்தன; சில மன்னிக்கவில்லை. இரண்டையும் குறை கூற நாம் யார்? 2023-இற் பரோலில் வந்தவரை, கனடாவை விட்டு வெளியேற்றும்படி 2024 மே 24-ஆம் நாள் உத்தரவாயிற்று.

ரயில்வேயில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. நம் இருப்புப்பாதையில் எத்துணைத் தேர்ந்த ஓட்டுநராயினும், ஒரு பகுதியில் முன்னரே பயணம் செய்து, சிக்னல் எங்கே, வளைவு எங்கே என்று பழகிக் கையொப்பமிட்ட பின்னரே அங்கே தனியாக வண்டி ஓட்ட அனுமதிக்கப்படுவார். அங்கேயோ, இரட்டை டிரெய்லர் இழுக்கும் லாரியை ஓட்ட அன்று கட்டாயப் பயிற்சி என்பதே இல்லை; பரீட்சையிற் தேறினாற் போதும். விபத்துக்குப் பின் 2019 மார்ச்சில்தான் சஸ்காச்சுவான் அரசு 121½ மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதே சந்திப்பில் 1997-இல் ஆறு பேர் இறந்து, ஆறு சிலுவைகள் நடப்பட்டிருந்தன. பார்வையை மறைத்த மரங்களை வெட்டியதும், சாலையில் அதிர்வுப் பட்டைகள் போட்டதும் இரண்டாவது முறைக்குப் பிறகுதான். புதிய பஸ்களில் இருக்கை வார் கட்டாயம் என்னும் விதி 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. குற்றம் அவ்விளைஞருடையதே, அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அவரை அச்சாலைக்கு அனுப்பிய ஏற்பாடு முழுவதையும் ஒரு தண்டனைக்குள் அடைத்துவிட முடியுமா என்பதை, வேலை தேடிச் சென்ற ஊரில் முதல் மாதமே தனியாக விடப்பட்டவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

குழு கலைந்துவிடவில்லை. புதிய பயிற்சியாளர் வந்தார். பெரும்பாலும் புதிய பிள்ளைகள் வந்தனர். அவர்களுக்கு ஹம்போல்ட் வீடுகள் மீண்டும் கதவைத் திறந்தன. சென்ற பருவத்தில் மகன்போல் வைத்திருந்தவனின் கட்டிலில் மற்றொருவனைப் படுக்கச் சொன்ன அம்மையார்கள் அவர்களுள் இருந்திருப்பர். 2018 செப்டம்பர் 12-ஆம் நாள் சொந்த ஊரில் எல்கர் பீட்டர்சன் அரங்கில் முதல் ஆட்டம். எதிரணி, ஏப்ரலில் அவர்களுக்காகக் காத்திருந்த அதே நிப்பவின் ஹாக்ஸ். பஸ்ஸில் இருந்து பிழைத்தவர்களில் இருவர் பச்சைச் சட்டை அணிந்து பனித்தளத்தில் இறங்கினர். ஹம்போல்ட் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது.