அரசன் இல்லாத வரலாறு

வரலாறு எண்டவுடன எங்களுக்கு என்ன ஞாபகம் வருது? அரசன், அவன் ஆண்ட காலம், வென்ற போர், கட்டின கோட்டை. சோதனைக்கு அதைத்தானே பாடமாக்கினோம். ஒரு பெயரும் ஒரு கல்வெட்டும் இல்லாவிட்டால் அங்கே வரலாறே இல்லை என்று நினைக்கிற பழக்கம் எங்களுக்குள் ஊறிவிட்டது. அது எவ்வளவு பிழையான பழக்கம் என்று காட்ட ஒரு பழைய செம்புச் சுரங்கம் போதும்.

வேல்ஸின் வடகரையில் லண்டட்னோ என்ற ஊர். அதை ஒட்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது கிரேட் ஓர்ம் என்ற 207 மீற்றர் உயரச் சுண்ணக்கல் மலை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே செம்பு எடுத்தவர்கள், தங்களுக்கு முன்பே யாரோ தோண்டிய பொந்துகளைக் கண்டிருக்கிறார்கள். ரோமர்களின் வேலையாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். பெரிய வேலை எண்டால் பேரரசு ஒன்றுதான் செய்திருக்கவேணும் என்ற எண்ணம், வேறென்ன? 1987இல் வாகனத் தரிப்பிடம் அமைக்கும் திட்டத்துக்காக நிலத்தைக் கிளறியபோது பழைய சுரங்கம் வெளியே தெரிந்தது. காலத்தைக் கணித்துப் பார்த்தால், ரோமர் பிரித்தானியாவில் கால்வைப்பதற்கு 1,500 ஆண்டுகளுக்கும் முந்திய வெண்கலக் காலச் சுரங்கம் அது. பல கிலோமீற்றர் நீளம், 70 மீற்றர் வரை ஆழம்.

உலோகக் கருவி பெரிதாக இல்லாத காலத்தில் இது எப்படிச் சாத்தியமானது? பதில் பாறையில் இருக்கிறது. ஏறக்குறைய 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்த சுண்ணக்கல் இது. பிறகு அதன் ஒரு பகுதி மக்னீசியம் ஏறி டொலமைற்றாக மாறியது. பாறையின் வெடிப்புகள் வழியே சூடான நீர் செம்பைக் கொண்டுவந்து படியவைத்தது. மேலிருந்து இறங்கிய மழைநீர் அந்தத் தாதைப் பச்சை நிற மலக்கைற்றாக மாற்றியது. சில இடங்களில் பாறையையே உக்க வைத்து மென்மையாக்கியது. கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும், சுண்ணக்கல் லேசில் விட்டுக்கொடுக்காது. ஆனால் இங்கே உக்கிய பாறையை மாட்டு எலும்பால் சுரண்டி எடுக்கலாம். கடினமான இடத்தில் நெருப்பு மூட்டிப் பாறையை வெடிக்கவைத்து, கல்லுச் சுத்தியலால் அடித்தார்கள்.

30,000க்கும் மேற்பட்ட எலும்புக் கருவிகளும் 2,000க்கும் மேற்பட்ட கல்லுச் சுத்தியல்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஒரு கல்வெட்டுக்கூட இல்லை. ஒரு அரசன் பெயரும் இல்லை. ஆனால் அவர்கள் மாடு வளர்த்தார்கள், பச்சை நிறத்தைப் பின்தொடர்ந்து போனார்கள், நிலக்கீழ் நீர் மறித்த ஆழம் வரைக்கும் இறங்கினார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தச் செம்பு பிரித்தானியாவைத் தாண்டி பிரான்ஸ், சுவீடன் வரை போயிருப்பதாகச் சொல்கிறது. பழைய வெண்கலப் பொருட்களில் உள்ள ஆர்செனிக், நிக்கல், ஈயம் போன்றவற்றின் அடையாளத்தை இந்தச் சுரங்கத்தின் தாதுவோடு ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்றும் தெரிகிறது. சில வழிகள் மிக ஒடுக்கம். வளர்ந்த ஆள் நுழையவே முடியாது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்தான் அதற்குள் தவழ்ந்துபோய்த் தாதைச் சுரண்டியிருக்கவேணும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. சுரங்கத்தின் அகலம்தான் சாட்சி.

"அந்தக் காலத்தில குடும்பமாச் சேர்ந்துதானே வேலை செய்தவை, இன்றைய கண்ணால பார்க்கலாமோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அது கொடுமையா, வாழ்க்கை முறையா என்று இங்கே இருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கணக்கில் சேர்க்காமல் விடுவது வேறு விசயம். நூதனசாலையில் வெண்கல வாள் ஒன்றைக் கண்டால் "வீரனின் வாள்" என்று வாசித்துவிட்டு நகர்கிறோம். அந்தச் செம்பைச் சுரண்டிய சின்னக் கை அந்த விளக்கப் பலகையில் இல்லை.

இது பழங்கதை மட்டுமில்லை. எங்கள் கையிலிருக்கிற போனுக்குள் செம்பு இருக்கிறது, அதன் பற்றரியில் கோபால்ற்று இருக்கிறது. கொங்கோவில் செம்போடு சேர்ந்தே கோபால்ற்று கிடைக்கிற பகுதிகளில், சிறு சுரங்கங்களில் பிள்ளைகள் வேலை செய்வதை 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபை ஆவணப்படுத்தியது. போன் கம்பனியின் பெயர் எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் பெயர் தெரியாது. வாளுக்கு நடந்ததுதான் போனுக்கும் நடக்கிறது. ஒரு வித்தியாசம், இவர்கள் இப்போது உயிரோடிருக்கிறார்கள். அதனால் "அந்தக் காலம்" என்ற சாட்டு இங்கே செல்லாது.

ஆகவே வரலாறு படிக்கிற, எழுதுகிற எங்கள் தலைமுறையிடம் ஒன்று கேட்கிறேன். பெயரையும் கல்வெட்டையும் மட்டும் ஆதாரமாக எடுக்கிற பழக்கத்தை விடுவோம். தேய்ந்த எலும்பும், பாறையில் விழுந்த அடித்தழும்பும், ஒரு பொந்தின் அகலமும் ஆதாரம்தான். பெயர் எழுதிவைக்க வசதி இல்லாதவர்களின் வரலாறு பெரும்பாலும் அப்படித்தான் மிஞ்சியிருக்கிறது. அதை வாசிக்கப் பழகாவிட்டால், கடைசிவரைக்கும் அரசர்களைப் பற்றி மட்டும்தான் கதைத்துக்கொண்டிருப்போம்.