எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டே வருஷம் போகிறது

டி.கே.பட்டம்மாள் பெயரில் இருக்கிற அந்த 'டி' என்ன என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். தாமல். தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற நெடுஞ்சாலையில், பெரிய ஏரியோடு இருக்கிற அதே தாமல்தான். அவர் பிறந்தது 1919-ல், காஞ்சிபுரத்தில். பத்து வயதில் சென்னை வானொலியில் பாடினார். 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. அப்புறம் இசைத்தட்டுகள். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்தான் இடம். தப்பு விழுந்தால் வெட்டி ஒட்ட முடியாது, முதலிலிருந்து பாட வேண்டும். பாடினார். இன்றைக்கும் கேட்க முடிகிறது.

சின்ன வயதில் பட்டம்மாள் விழுந்து விழுந்து கேட்டது காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையின் கச்சேரிகளை. லயத்திலும் பல்லவியிலும் பெரிய ஆள். 1934-ல் காலமானார். அவர் பாடியதைக் கேட்க இன்றைக்கு ஒரு தட்டு கிடையாது. 'அப்படிப் பாடுவார், இப்படிப் பாடுவார்' என்று கேட்டவர்கள் சொன்ன கதைதான் மிச்சம். பதிவு செய்ததற்கும் செய்யாததற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வரலாம். அதே வட்டாரத்தில் ஒரு காலேஜ் பையன் இருக்கிறான். பாடுவான், கீபோர்டு வாசிப்பான். அப்பா வாங்கிக் கொடுத்த லேப்டாப் இருக்கிறது. 1930-களின் ஒலிப்பதிவுக்காரர் அதைப் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். இரண்டு வருஷமாக அவன் பதிவு செய்த பாட்டு எத்தனை? பூஜ்யம். ஏன்? எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று இன்னும் முடிவாகவில்லையாம்! இந்தப் பையனுக்குப் பெயர் தேவையில்லை. எல்லா வகுப்பிலும் ரெண்டு பேர் இருக்கிறார்கள்.

அவனைக் கெடுத்ததில் முதல் குற்றவாளி 'இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்' என்ற இரண்டு வார்த்தை. ப்ரோ டூல்ஸ் இல்லாமல் ரெக்கார்டிங்கா என்று உதட்டைப் பிதுக்குகிற அண்ணன்மார் ஊருக்கு ஒருவர் உண்டு. ப்ரோ டூல்ஸ் வந்தது 1991-ல். 2010-ல் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட வன்பொருள் இல்லாமல் அது பொதுவாக ஓடாது. அந்தப் பெட்டிகளை வாங்கிப் போட்டது பெரிய ஸ்டூடியோக்கள். ஒரு ஸ்டூடியோவில் தொடங்கிய வேலையை இன்னொரு ஸ்டூடியோவில் திறக்க வேண்டுமென்றால் எல்லாரிடமும் அதுவே இருந்தால் வசதி. சினிமாவுக்கு வசனம், எஃபெக்ட்ஸ், பாட்டு எல்லாம் சேர்ப்பவர்களுக்கு அது நியாயமான காரணம். வடபழனி ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளராகச் சேரப் போகிறவன் தாராளமாக ப்ரோ டூல்ஸ் படிக்கட்டும், யாரும் கையைப் பிடிக்கவில்லை. தாமலில் தன் வீட்டு அறையில் ஒற்றை மைக்கோடு உட்கார்ந்திருப்பவன் தன் கோப்பை எந்த ஸ்டூடியோவில் போய்த் திறக்கப் போகிறான்?

இரண்டாவது, ரஹ்மான் பக்தி. ரஹ்மான் லாஜிக் வைத்திருக்கிறார், அதனால் லாஜிக்தான் வேண்டும். லாஜிக் அருமையான மென்பொருள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஈமேஜிக் என்ற ஜெர்மன் கம்பெனி செய்தது அது, விண்டோஸிலும் ஓடிக்கொண்டிருந்தது. 2002-ல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கியது, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கி விண்டோஸில் பாட்டு செய்துகொண்டிருந்தவன் நடுத்தெருவில் நின்றான். இன்றைக்கும் ஆப்பிள் கருவி இல்லாமல் லாஜிக் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே மேக் இருந்தால் பிரச்சினையே இல்லை. கராஜ்பேண்ட் இலவசம், அதில் செய்ததை நாளைக்கு லாஜிக்கில் அப்படியே திறக்கலாம். லாஜிக்குக்காக மேக் வாங்கக் கடன் வாங்குவதுதான் பைத்தியக்காரத்தனம். ரோஜா 1992-ல் வந்தது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஸ்டூடியோ கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஓர் இளைஞர் கையிலிருந்ததை வைத்து என்ன செய்தார் என்பதுதான் அங்கே பாடம். கையில் என்ன பிராண்ட் இருந்தது என்பது அல்ல.

மூன்றாவதுதான் கோபம் வரவழைப்பது. கிராக்.

காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிக் காஞ்சிப் பட்டு என்று விற்றால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று தெரியும். கோர்வை போட்டுக் கரையை உடலோடு சேர்க்க ஒருவர் நாடாவை இந்தப் பக்கமிருந்தும் இன்னொருவர் அந்தப் பக்கமிருந்தும் தள்ளி நாள்கணக்கில் நெய்ததை, எவனோ ஒரு வாரத்தில் போலி செய்து பாதி விலைக்குப் போட்டால் வயிறு எரியும். அதற்காகத்தான் 1985-ல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது, காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியதும் அதற்காகத்தான். இந்த வீட்டுப் பிள்ளை மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து எஃப்எல் ஸ்டூடியோ கிராக் இறக்குகிறான்! கீழே அப்பா போலிச் சேலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

'கம்பெனிக்காரன் கோடீஸ்வரன்' என்ற சமாதானம் உடனே வரும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சரி, தர்ம நியாயத்தை விடலாம், நடைமுறையைப் பார்க்கலாம். கிராக்கோடு வைரஸ் வருவது பழைய செய்தி. அதைவிடப் பெரிய தொல்லை, விண்டோஸ் ஒரு அப்டேட் போட்டதும் ப்ளக்இன் ஒன்று திறக்க மறுக்கும். அந்த ப்ளக்இன்னில் இருந்த சத்தம் போயிற்று, பாட்டு பாதியில் நிற்கும். உதவி கேட்க முடியாது. யாரிடம் கேட்பது?

காசு கொடுத்து வாங்குகிறவனுக்கும் ஒரு பள்ளம் உண்டு. எஃப்எல் ஸ்டூடியோவில் வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம், பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அதன் மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் மைக்கில் பாடிப் பதிவு செய்ய வழியில்லை. பாடகன் அதை வாங்கிவிட்டு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பான். அதற்கு மேலே உள்ள புரொட்யூசர் பதிப்பு வேண்டும்.

பிறகு எதைத்தான் வைத்துக்கொள்வது? மேக் இல்லாதவனுக்கு ரீப்பர். வினாம்ப் ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதையும் தொடங்கினார். இறக்கிக்கொள்ளச் சில நொடி, பழைய லேப்டாப்பிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். 60 நாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். பிறகு தனிப்பட்ட உபயோகத்துக்கு 60 டாலர், ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அதுவும் கையில் இல்லையென்றால் ஒற்றைக் குரலோ வீணையோ பதிவு செய்ய ஆடாசிட்டி போதும், 2000-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ரீப்பரின் முகம் அழகில்லை என்பார்கள். வாஸ்தவம்தான், அரசு அலுவலகப் படிவம் மாதிரி இருக்கும். பாட்டு கேட்பவனுக்கு அந்த முகம் தெரியப் போவதில்லை.

'அதில் சவுண்ட் குவாலிட்டி குறைவு' என்று ஒரு வதந்தி இருக்கிறதே, அதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். ஒரே வேவ் கோப்புகளை இரண்டு மென்பொருளிலும் ஒரே அளவில், ஒரே இடவலத்தில் வைத்து, எந்த எஃபெக்டும் போடாமல் கலந்து வெளியே எடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிச்சம் கேட்பது நிசப்தம். கூட்டல் கணக்கை எல்லாக் கணிப்பொறியும் ஒரே மாதிரிதான் போடும்.

சத்தம் கெடுவது வேறு இடத்தில். பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது, நெடுஞ்சாலையில் லாரி ஹாரன், ஆடி மாதமென்றால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. தலைக்கு மேலே ஃபேன். நாலு பக்கமும் வெறும் சுவர், குரல் முட்டித் திரும்பி வந்து மைக்கில் விழுகிறது. இரண்டு பஞ்சு மெத்தையைப் பாடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, தறி ஓய்ந்த பிறகு ஃபேனை நிறுத்திப் பாடினால் எந்த மென்பொருளும் தராத முன்னேற்றம் கிடைக்கும். வேர்க்கும். பரவாயில்லை.

இன்னொரு புகார், பாடும்போது தன் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது என்பது. மென்பொருளை மாற்றச் சொல்லி உடனே நாலு பேர் கிளம்புவார்கள். மாற்ற வேண்டியது பஃபர் அளவை. 44,100 சாம்பிளில் பஃபர் 1024 என்றால் அதற்கே 23 மில்லி விநாடி, பாடகன் தடுமாறுவான். 128 என்று வைத்தால் 3 மில்லி விநாடிகூட இல்லை. ஒழுங்கான ஏசியோ டிரைவர் இருக்கிற ஒரு சின்ன இண்டர்ஃபேஸ் வாங்குவதற்குச் சேர்க்கிற காசுதான் உருப்படியான காசு.

நம்மூர் சங்கீதத்துக்கென்று ஒரு எச்சரிக்கை மட்டும். திறந்த உடனே இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை 4/4 தாளத்தில், நிமிடத்துக்கு 120 அடி என்று கட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும். மிஸ்ர சாபுவுக்கு 7/8 என்று மாற்றத் தெரியாமல் பாட்டையே நாலுக்கு மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆலாபனைக்குக் கட்டமே வேண்டாம், அணைத்துவிடலாம். குரலைப் பன்னிரண்டு சுரத்தில் ஒன்றுக்கு இழுத்து ஒட்ட வைக்கிற கருவியைத் தோடியில் போட்டால் கமகம் செத்துவிடும். பல்லவி பட்டம்மாள் என்று பெயர் வாங்கியவர் ஊரில் அந்தப் பாவத்தைச் செய்யாமல் இருப்பது உத்தமம்.

'எல்லாரும் பயன்படுத்துவதை எடுத்தால் நாளைக்குப் பாதுகாப்பு' என்பது கடைசி வாதம். கேக்வாக் சோனாரைப் பயன்படுத்தியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2017 நவம்பரில் கிப்சன் கம்பெனி கடையைச் சாத்தியது. 2018-ல் பேண்ட்லேப் எடுத்து இலவசமாகக் கொடுத்தது. 2023-ல் அந்த இலவசப் பதிப்பும் நிற்கும் என்று அறிவித்தார்கள். ஆகவே எந்த மென்பொருளாக இருந்தாலும் பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ய விநாடியிலிருந்து தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிட வேண்டும். எந்தக் கம்பெனி செத்தாலும் வேவ் திறக்கும்.

தன் பாட்டு இன்னும் தயாராகவில்லை என்கிறவனுக்கு வேறு வேலையும் காத்திருக்கிறது. காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதக் கூத்து நடக்கும். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், விடிய விடியப் பாட்டு. வயதான வாத்தியார்களின் பாட்டு யாரோ செல்போனில் எடுத்த துண்டுகளாகத்தான் சுற்றுகிறது. கூத்துக்குழுவிடம் அனுமதி கேட்டு, லேப்டாப்பும் இரண்டு மைக்கும் எடுத்துப் போனால் போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. 48,000 சாம்பிள், 24 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று அதிகம், ஆக நாலு மணி நேரத்தில் நிரம்பிவிடும். கூத்தோ விடியும்வரை நடக்கும். ரீப்பரில் இத்தனை மெகாபைட்டுக்கு ஒரு புதுக் கோப்பு என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். லேப்டாப் சார்ஜரை ஜெனரேட்டர் லைட்டுக்குப் போகிற அதே ஒயரில் செருகினால் இரைச்சல் ஏறும் வாய்ப்பு உண்டு, பேட்டரியில் ஓட்டி இடைவேளையில் சார்ஜ் ஏற்றிக்கொள்வது மேல்.