ஸ்கிரீன் உடைஞ்சா லெப்டொப் மௌத்தாகிடுமா?



நம்ம ஊர்ல ஒரு பழக்கம். லெப்டொப் ஸ்கிரீன் உடைஞ்சா பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துடுறது. "ஸ்கிரீன் இல்லாம அத வெச்சி என்ன செய்ற சேர்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டு ரவுட்டரும் ஒரு சின்னக் கொம்பியூட்டர்தான். அதற்கு மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் இருக்கிறதா? போனிலிருந்துதானே பாஸ்வேர்ட் மாற்றுகிறீர்கள்? அந்த உடைந்த லெப்டொப்பும் அப்படி வேலை செய்யும்.

வழி இதுதான். ஒரு நாள் மட்டும் HDMI வயரில் வீட்டு டிவியோடு இணைத்து டெபியன் லினக்ஸைப் போடுங்கள். இலவசம். எஸ்எஸ்எச், சம்பா இரண்டையும் நிறுவுங்கள். மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்து, ரவுட்டரில் மாறாத ஐபி கொடுங்கள். பிறகு டிவி வயரைக் கழற்றி, அதை அலுமாரிக்குப் பக்கத்தில் காற்றுப்படும் இடத்தில் வைத்துவிடலாம். மிச்சமெல்லாம் போனிலிருந்து நடக்கும். வீட்டு வைஃபையில் போட்டோ பார்க்க டேட்டா போகாது. கரண்ட் கொஞ்ச நேரம் நின்றாலும் பெட்டரி தாங்கும். பெட்டரி வீங்கியிருந்தால் மட்டும் கழற்றிவிடுங்கள்.

"கரண்ட் பில்?" 15 வாட் எடுக்கும் லெப்டொப் மாதம் முழுக்க ஓடினால் சுமார் 11 யூனிட்.

"கூகுள் இருக்கே?" கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1இல் நிறுத்தியது. இப்போது இலவசம் 15 ஜிபி. ஜிமெயிலும் அதற்குள்தான். நிரம்பினால் மெயிலும் வராது.

கோபமாக ஒன்று சொல்கிறேன். நம் பெண்களின் கலியாணப் போட்டோவை அந்நியர் பார்க்கக் கூடாது என்கிறோம். அதே போட்டோ உள்ள போனை லொக் நம்பரோடு திருத்தும் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம். போட்டோ வீட்டுப் பெட்டியில் இருந்தால், போனைக் கொடுக்குமுன் அதிலுள்ளதை அழித்துவிடலாமே! அதுவும் அமானிதம் இல்லையா?

2004 டிசம்பர் 26 நமக்குத் தெரியும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், மௌத்தானவர்களின் ஒரேயொரு போட்டோ என்று எத்தனை வீட்டில் கடல் கொண்டுபோனது! அதனால்தான் வீட்டுப் பெட்டி மட்டும் போதாது என்றும் சொல்கிறேன். இன்னொரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, சம்மாந்துறைப் பக்கமோ கண்டிப் பக்கமோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். கரையில் இருக்கிற நமக்கு இது கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை: வெளியிலிருந்து பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

"இதெல்லாம் இஞ்சினியர்மார்ர வேல" என்று ஒதுங்க வேண்டாம். ஓ.எல். படிக்கிற பிள்ளை ஒரு சனிக்கிழமை பின்னேரத்தில் செய்து முடிக்கும். கிட்ட இருந்து காட்டிக் கொடுக்க வேண்டியது ஆசிரியர்களாகிய நாம்தான். ஆனால் நாமே பாடசாலையின் பழைய மெஷின்களை "பாவனைக்கு உதவாது" என்று எழுதி ஒதுக்குகிறோம்.

ஸ்கிரீன் உடைந்த லெப்டொப் வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். கொமண்டில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து ஒன்றைச் செய்து பார்ப்போம்.