கருப்பையை எடுத்தால் இடுப்புவலி போகுமா?

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலர், தீட்டு தாறுமாறாக வருகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்று மருத்துவரிடம் போய், கருப்பையை இழந்து திரும்பியிருக்கிறார்கள். 2019-ல் மாநில அரசு அமைத்த குழு 82 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை விசாரித்தது. 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கருப்பை இல்லை. நாற்பதைத் தொடாதவர்கள் அதில் ஏராளம். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே கூலிக் கணக்கு, முன்பணம் வாங்கியாயிற்று, ஒரு நாள் படுத்தால் அபராதம். இருட்டோடு எழுந்து வெட்டி, கட்டிய கரும்பைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்ற வேண்டும். தங்கும் கூடாரத்தில் கழிப்பறை கிடையாது, துணி மாற்ற மறைவிடம் கிடையாது. அந்த இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? ஒழுங்கற்ற உதிரப்போக்குக்குத் தைராய்டு, நார்க்கட்டி, தொற்று, ஹார்மோன் கோளாறு என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து காரணத்தைப் பிடித்தால் பல நேரம் மருந்திலேயே அடங்கிவிடும். அதைச் சொல்லாமல், விட்டால் புற்றுநோய் ஆகிவிடும் என்று மிரட்டிக் கத்தி வைத்ததைக் கொடுமை என்றே சொல்வேன். சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் இளவயதிலேயே எலும்பு பலமிழக்கும். எந்த வலிக்காகப் போனாளோ அது இன்னும் கூடும். பீட்டில் தனியார் மருத்துவமனைகள் இந்த அறுவைக்கு அரசு மருத்துவ அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும் என்று பிறகு கட்டுப்பாடு வந்தது. நல்லது. ஆனால் அபராதத்தை ஒழித்து, வெட்டும் இடத்திலேயே கழிப்பறையும் பெண் மருத்துவரும் ஏற்பாடு செய்யவேண்டியவை சர்க்கரை ஆலைகள். அவற்றை அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.