இருக்கையும் கொள்கையும்

தமிழின நலம் பேசுவோர் சட்டமன்றம் புகலாமா, புகலாகாதா என்னும் வினா நம் அன்பர்களிடையே ஓயாது எழுந்துகொண்டே இருக்கின்றது. வெறுஞ் சொல்லாடலால் இதற்கு விடை காண இயலாது. புகுந்தார் ஒருவரின் வாழ்வை எடுத்துவைத்துப் பார்த்தலே முறை. அதற்குச் சி.பா. ஆதித்தனாரினும் ஏற்றவர் நமக்குக் கிடையார்.

1905-இல் காயாமொழியில் பிறந்து, இலண்டனில் சட்டம் பயின்று, சிங்கப்பூரில் வழக்கறிஞராய் விளங்கியவர் அவர். 1942-இல் மதுரையில் அவர் தொடங்கிய நாளேடு, எழுத்துக்கூட்டிப் படிப்பாரையும் செய்தி படிக்க வைத்தது. (அவ்வேட்டின் பெயரிலேயே 'தினம்' என்னும் வடசொல் ஏறி அமர்ந்துகொண்டதை நாம் இன்றும் பொறுத்தோமில்லை, அது வேறு வழக்கு.)

1952-இல் திருச்செந்தூரிலும் 1957-இல் சாத்தான்குளத்திலும் வென்று சட்டமன்றம் புகுந்தார். இரண்டாம் முறை எக்கட்சியையும் சாராத தனியர். மறு ஆண்டே, 1958-இல், 'நாம் தமிழர்' இயக்கத்தைக் கண்டார். தமிழ்நாடு தனியரசாதல் வேண்டும் என்பதே அதன் கொள்கை. 1960-இல், தமிழ்நாடு நீங்கலான இந்திய நாட்டுப் படத்தைக் கொளுத்தும் போராட்டத்தில் பெரியாரோடு இறங்கினார். சட்டமன்ற உறுப்பினராய் இருந்துகொண்டே இதனைச் செய்தார் என்பதை அன்பர்கள் நெஞ்சிற் பதித்துக்கொள்க. அன்று உறுப்பினர் கூறிய உறுதிமொழி, அரசமைப்புச் சட்டத்திற்கு உண்மையாய் இருப்பேன் என்ற அளவோடு நின்றது.

தில்லி வாளாவிருக்கவில்லை. 1963-இல் அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆம் திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என வென்றவர் மட்டுமன்று, வேட்பாளராய் நிற்பவரும் உறுதி கூற வேண்டும் என்றாயிற்று. வாயிலிலேயே நாவைக் கட்டிவிட்டனர்! தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையை அவ்வாண்டிலேயே கைவிட்டது. ஆதித்தனார்முன் இருந்தவை இரண்டு வழிகள்: வெளியே நின்று முழுக் கொள்கையையும் பேசுவது, உள்ளே சென்று இயன்றதைச் செய்வது. அவர் பின்னதைக் கொண்டார். 1967-இல் தம் இயக்கத்தைத் தி.மு.க.வில் கரைத்துத் திருவைகுண்டத்தில் வென்றார்; பேரவைத் தலைவரும் ஆனார்.

உள்ளே சென்றதனால் பயனே விளையவில்லை என்று நாம் கூறோம். அவை கூடியதும் திருக்குறள் ஓதித் தொடங்கும் வழக்கம் அவரால் வந்தது. அவர்க்குப் பின்னும் நிலைத்தது. அவர் தலைமை தாங்கிய பேரவையே 1967 சூலை 18-இல் 'தமிழ்நாடு' என்னும் பெயர் வேண்டி ஒருமனதாகத் தீர்மானித்தது; 1968 சனவரி 23-இல் இருமொழிக் கொள்கையைத் தீர்மானித்ததும் அதுவே. 1956-இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டுக் கேட்ட பெயர் அது. ஆயின் பேரவை ஒருமனதாகக் கேட்டும், நம் நாட்டுக்கு நம் பெயரைச் சூட்ட நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1969 சனவரி 14-இல்தான் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. பெயர் நம்முடையது, ஒப்பம் தில்லியினுடையது. சட்டமன்றத்தின் நீள அகலத்தை அளந்து காட்ட இதனினும் வேறு அளவுகோல் வேண்டுமா?

1968-இல் தலைவர் பொறுப்பினின்று விலகினார், 1969-இல் அமைச்சரானார், 1971-இலும் வென்றார். 1974-இல் அம்மன்றம் துணிந்து சொன்ன மிகப் பெரிய சொல் மாநிலத் தன்னாட்சி. (அதற்கும் 'சுயாட்சி' என்றே பெயரிட்டனர். 'தன்' என்னும் சொல் அகப்படவில்லை போலும்!) அதனையும் தில்லி செவிமடுக்கவில்லை. 1976 சனவரி 31-இல் ஆட்சியே கலைக்கப்பட்டது. 1981-இல் ஆதித்தனார் மறைந்தார்.

அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. பழிக்கும் தகுதி, அவரளவு செய்தார்க்கே உண்டு. உள்ளே சென்றது பிழையன்று என்றே நாம் கருதுகின்றோம். வெளியே நின்று பேச ஓர் இயக்கம் இல்லாதவாறு அதனைக் கரைத்துவிட்டுச் சென்றதே பிழை. மன்றத்துள் நா கட்டுண்டவர்க்கு மன்றத்துக்கு வெளியே கட்டுறாத நா ஒன்று வேண்டும். அஃது இருந்திருப்பின், 1967-க்குப் பின் அவர் வாய் திறவாதவற்றை வேறு யாரேனும் உரக்கக் கேட்டிருப்பர்.

தேர்தலில் நிற்க விழையும் அன்பர்கள் சிலர் நம் கருத்தைக் கேட்டுள்ளனர். வேட்பாளர் உறுதிமொழித் தாளை முதலில் ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். அதன்மேல் கையொப்பமிடும் நாளில், வெளியே இயக்கத்தை நடத்தப்போகின்றவர் யார் என்பதையும் எமக்கு எழுதுங்கள்.