களரியும் கணக்கேடும்

சென்ற நோன்பு விடுமுறையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் தடித்த கொப்பியொன்றுடன் வீட்டுக்கு வந்தார். பழங்காலத் துறைமுக அரசொன்றின் அதிகாரிகளுக்கேற்ற தமிழ்ப் பெயர்கள் வேண்டுமென்றார். நாவல் எழுதுகிறார் போலும் என உள்ளம் பூரித்தேன். “நாவல் இல்லை சேர், விளையாட்டு” என்றார். பூரிப்புச் சற்றுத் தணிந்தது; அத்தணிவு என் அறியாமையின் விளைவென்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அவர் கூறியதன் சாரம் இது. இணையத்திலே பலர் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரத்தின் பேச்சையும் செயலையும் தாமே எழுதி, ஒரு கதையை நாள்தோறும் வளர்க்கின்றனர். அடுத்து நிகழ்வது யாதென அறிவார் ஒருவருமிலர். கதையின் போக்கைப் பிடித்து நடத்துபவர் இவர். ஆடுவோர் நாற்பதின்மர், கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உள்ளோர் சிலர், டோஹாவில் இராக்கடமை பார்ப்போர் சிலர். நீரைப் பங்கிடும் அதிகாரிக்குப் பெயர் கேட்டார். நிகண்டைத் திறக்க வேண்டியதில்லை, நம் வயற்காரர் நாவில் வழங்கும் வட்டவிதானை இருக்கிறதே என்றேன்.

கொப்பியைப் புரட்டினேன். முன்னைத் தாள்களில் கதை ததும்பியது. உடைந்த மரக்கலம், உப்பங்கழி, வழி தவறிய தூதன். நடுவிலிருந்து கதை மெலிந்து, பின்னைத் தாள்களில் முறையீடுகளே நிரம்பியிருந்தன. இன்னாருக்கு மூன்று நாட் தடை. இருவர் ஒரே வேளையில் அரசராக விரும்புதல். ஒருவர் மற்றவரின் பாத்திரத்தைக் கேளாமலே கொன்றுவிட்டமை. கடைசித் தாள்கள் பத்தில் கதையென்று ஒரு வரியும் இல்லை. “கதை சொல்லத்தான் தொடங்கினேன் சேர். இப்போது கணக்கப்பிள்ளையாகிவிட்டேன். விட்டுவிடலாமா என்று இருக்கிறது” என்றார்.

இத்துயர் அவருக்கே உரியதன்று. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974 இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டிலே, மேசையைச் சூழ்ந்திருப்போர் நால்வர் ஐவரே. ஆதலின் ஒருவரே கதையும் சொல்லி வழக்கும் தீர்க்க இயன்றது. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே ரோய் டிரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்போர் இத்தகைய ஆட்டத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தனர். ஆடுவோர் தொகை பெருகப் பெருக மேசை ஊராயிற்று. ஊரானபின் நீதிமன்றமும் வேண்டியதாயிற்று.

இதனை நன்கு விளக்குவது ‘லாம்டாமூ’ என்னும் எழுத்துலகின் வரலாறு. கலிபோர்னியாவிலுள்ள சிரொக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் என்பார் 1990 இல் இதனைத் தொடங்கினார். அங்கே நிருவாகிகளுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். மக்கள் திரளவே, பிணக்குத் தீர்ப்பதே மந்திரவாதிகளின் தொழிலாயிற்று. சலித்த கர்ட்டிஸ் 1992 டிசம்பரில் ஓர் அறிவித்தல் விடுத்தார்: இனி மந்திரவாதிகள் பொறியை மட்டுமே பேணுவர், மாந்தர் வழக்கில் தலையிடார். சில திங்களுக்குள், 1993 இல், கயவன் ஒருவன் பிறர் ஏற்ற பாத்திரங்களைத் தன் சொற்களால் ஆட்டுவித்து, அவை இழிசெயல் புரிவனபோல் யாவருங் காண எழுதினான். ஊர் கூடி வாதிட்டும் முடிவு பிறக்கவில்லை. இறுதியில் மந்திரவாதி ஒருவர் தம் பொறுப்பிலேயே அவனை நீக்கினார். பின்னர் மனுவும் வாக்கெடுப்பும் ஏற்பட்டன. ஆயினும் 1996 இல், விலகி நிற்றல் இயலாதென ஒப்பி மந்திரவாதிகள் மீண்டும் தலையிடலாயினர்.

கதையுலகிலே பொறி வேறு, மாந்தர் வேறு என்று கோடு கிழித்தமையே அங்கு நேர்ந்த பிழை என்பேன். நிருவாகி கைகழுவினால் கதைக்குக் காவலில்லை. அவரே எல்லாம் சுமப்பின் கதைக்கு ஆளில்லை. முறையீடு செய்பவர் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். கதையோ தட்டுவதில்லை, காத்திருக்கிறது. ஆகவே இரண்டும் ஒருவர் கையில் இருக்கும்போது தோற்பது எப்போதும் கதையே.

இதற்கு நம் கடற்கரை மக்கள் வெகுகாலத்துக்கு முன்பே வழி கண்டுள்ளனர். கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையிலுள்ள பாண்டிருப்பிலே, திரௌபதை அம்மன் ஆலய விழா பதினெட்டு நாள் நிகழும். ஊர் மக்களே பாண்டவராகி வனவாசம் போவர். அருச்சுனன் தவநிலைக்குச் செல்வான். முடிவில் தீ மிதிப்பு. சிறுவனாயிருந்தபோது, வனவாசம் போவோரை வீதியோரம் நின்று பார்த்திருக்கிறேன். பின்னாளில் போர் அவ்வீதியையே அஞ்சத்தக்கதாக்கியது, அது தனிக்கதை. ஈண்டு நான் சுட்ட விரும்புவது, இப்பகுதிக் கோயில்களில் வரவு செலவையும் ஒழுங்கையும் பார்க்க வண்ணக்கர் என ஒருவர் தனியே உளர் என்பதே. வில்லெடுத்தவரிடம் எவரும் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை.

மட்டக்களப்புக் கூத்திலே இப்பகுப்பு இன்னும் நுட்பமானது. அண்ணாவியார் மத்தளத்தோடு களரியில் நிற்பார். ஒருவர் கொப்பி பார்ப்பார். செலவையும் சச்சரவையும் மனேச்சர் ஏற்பார். ஆனால் சட்டங் கொடுத்தல், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்தல், உண்டன்றோ? அது நிருவாகமா, கலையா? தருமனுக்குரிய குரலைத் துரியோதனனுக்குக் கொடுத்தால் கூத்துக் கெடும். ஊர்ப் பெரியவரின் மகனுக்குச் சேவகன் பாத்திரம் கொடுத்தால் ஊர் கெடும். இவ்வொன்றை மட்டும் அண்ணாவியார் மனேச்சரிடம் முற்றாக விட்டுவிட முடியாது. விட்டால் அவர் மத்தளகாரர் மட்டுமே.

மாணாக்கருக்கு இதனைச் சொல்லியபோது, என் நெஞ்சே என்னைக் குத்தியது. பிரதி அதிபராக நியமனம் பெற்ற ஆண்டிலே, தமிழ்மொழித் தினப் போட்டிக்கென நாடகமொன்று எழுதத் தொடங்கினேன். மூன்றாங் காட்சியில் நின்றது. நேரசூசி, வரவிடாப்பு, சுற்றறிக்கைக்கு மறுமொழி என்று பதினோராண்டு கழிந்தது. நேரமில்லை என்று யாவரிடமும் சொல்லிவந்தேன். அது முழு உண்மையன்று. சுற்றறிக்கைக்கு மறுமொழி எழுதினால் அன்றே ஒரு வேலை முடிந்த மனநிறைவு உண்டு. நாடகமோ நாளையும் முடியாது. அந்த எளிய மனநிறைவை விரும்பி நானே கணக்கேட்டின் பின்னால் ஒளிந்திருந்தேன். அதிபராயிருந்துகொண்டே எழுதியோர் இக்கரையிலேயே இருந்தனர். மருதமுனையின் மருதூர்க்கொத்தன் ஒருவர் போதாரா? ஆகவே பதவியைக் குறைகூற எனக்கு வாயில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் மாணாக்கர் மறுபடியும் வந்தார். முறையீடுகளைக் கணக்கியல் படித்த தம் மாமி மகளிடம் ஒப்படைத்துவிட்டாராம். சனிக்கிழமை தோறும் அவர் தீர்ப்பெழுதுவாராம். முதற்கிழமையே இவருக்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். பாத்திரம் வழங்கும் உரிமையை மட்டும் தாம் வைத்துக்கொண்டிருக்கிறார். புதிய கொப்பியில் ஆறு தாள் கதை இருந்தது.

கதையிலே இப்போது வறட்சி. வாய்க்காலில் ஓர் இரவுக்குரிய நீரே எஞ்சியுள்ளது. வட்டவிதானையின் சொந்த வயல் மேலே; கீழே ஒரு கைம்பெண்ணின் கதிர் வாடுகிறது. வட்டவிதானையாக ஆடுபவர் டோஹாவில் இராக்கடமைக்குப் போகுமுன் எழுத வேண்டும். அவர் மதகை எப்பக்கம் திறந்தாலும், மறுநாள் ஊர் என்ன சொல்லும் என்பதைக் கதை நடத்துபவர் முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டுமல்லவா? “வெள்ளி இரவுக்குள் நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள், சேர்” என்று கேட்டுப் போயிருக்கிறார். அலுமாரியிலிருந்து எடுத்த மூன்றாங் காட்சியும் மேசைமேல் கிடக்கிறது. இன்று புதன்கிழமை.